படம் நூற்றுப் பன்னிரண்டு, பக்கம் ஒன்று

2024 அக்டோபர் 17, வியாழன்.

செய்தது: தொகுதி முழுவதையும் ஒப்புநோக்கி முடித்தேன். 112 படங்கள்.

பிழை: பக்க வரிசையைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டேன். முதல் படம்தான் முதல் பக்கம் என்று நானாக முடிவு செய்தேன். குறிப்புத் தாளில் பதினான்காவது வரியில் சரியாகத்தான் போட்டிருந்தது. அது வரிகளைப் பற்றியது என்று நினைத்து விட்டுவிட்டேன். சின்னப் பிழைதான், எண்ணை மாற்றினால் முடிந்தது என்கிறாள் தஸ்லிமா. இருக்கலாம்.

நாளை: ஸ்ரீரங்கம் போக வேண்டும்.

சுபஸ்ரீ இதை எழுதி முடித்தபோது அவள் வீடு திரும்பும் மண்ணச்சநல்லூர் பஸ் கொள்ளிடம் பாலத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது. முன்னால் நெல் லாரி ஒன்று மழையில் படுத்துவிட்டது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து யாரிடமும் எதுவும் சொல்லாமல் தலையைத் துவட்டிக்கொண்டார்.

அவளுக்குச் சாயங்காலத்தில் நூலகச் சான்றிதழ் வகுப்பு. வகுப்பெடுக்கும் ப்ரியம்வதா மேடம், செய்தது, பிழை, நாளை என்று மூன்றே தலைப்பில் தினமும் வேலைக்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் சனிக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே பேனாவில் எழுதினார்கள். சுபஸ்ரீ அன்றன்று எழுதினாள். 'பிழை' என்ற தலைப்புக்குக் கீழேதான் அவளுக்கு எப்போதும் இடம் போதாது.

பகலில் வேலை கே.கே. நகரில், கண்ணாடிக் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில். வெளிநாட்டு நூலகங்கள் பழைய புத்தகங்களைப் படமெடுத்து அனுப்பும். அதை எழுத்தெழுத்தாக அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர், ஒருவர் அடித்ததை இன்னொருவர் பார்க்காமல், தனித்தனியாக அடிப்பார்கள். மெஷின் இரண்டையும் வைத்துப் பார்த்து, வேறுபடும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும். சிவப்பு விழுந்த இடத்தைப் படத்தோடு பார்த்து எது சரி என்று தீர்ப்பதும், பக்கங்களை வரிசைப்படுத்துவதும் சுபஸ்ரீயின் வேலை. மூன்று பேருக்கும் அடிக்கும் மொழியில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவன் தன்னை அறியாமல் திருத்திவிடுவான், தெரியாதவன்தான் உள்ளதை உள்ளபடி அடிப்பான் என்பது கம்பெனியின் கொள்கை.

இந்த முறை வந்தது ஒரு யித்திஷ் பத்திரிகை. கிழக்கு ஐரோப்பாவில் யூதர்கள் வீட்டிலும் கடைவீதியிலும் பேசிய மொழி யித்திஷ். வலமிருந்து இடமாக எழுதுவது. குறிப்புத் தாளில் பத்திரிகையைப் பற்றி நான்கே வரி இருந்தது. பெயர் 'வர்ஷ்டாட்', பட்டறை என்று பொருள். அரசியல், இலக்கிய மாத இதழ். நூறு வருஷத்துக்கு முன் போலந்தில் ஓர் ஆலை நகரத்தில் தையல்காரர்களும் ரொட்டி சுடுகிறவர்களும் நெசவாளிகளும் சேர்ந்து நடத்தியது. ஐந்து இதழோடு நின்றுவிட்டது.

ஐந்தையும் யாரோ ஒன்றாக பைண்ட் செய்திருந்தார்கள். செய்தவர் அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மேல் ஓரத்தையும் ஒட்ட வெட்டியதில் பக்க எண்கள் போய்விட்டன. அச்சுமை தாளின் மறுபக்கம் ஊறியிருந்தது. சில பக்கங்களில் ஒரு பத்தி முழுவதும் வெறும் வெள்ளை. தணிக்கை அதிகாரி எடுத்துவிட்ட இடம், 'வெற்றிடம்' என்று குறிக்கவும் என்றது குறிப்புத் தாள்.

"ஒண்ணுமே எழுதாம ஒரு பத்தியா? இந்த ஆளு நம்ம கம்பெனில சேந்தா நல்லா வருவாரு" என்றாள் தஸ்லிமா. அவள்தான் முதலாவதாக அடிப்பவள்.

வாசிக்கத் தெரியாத எழுத்தை நாளெல்லாம் அடிக்க வேண்டுமென்றால் அதற்கு ஏதாவது பெயர் வைத்துக்கொண்டால்தான் முடியும். வளைந்து மேலே கழுத்தை நீட்டியது கொக்கு. மூன்று பக்கம் அடைத்து கீழே திறந்தது வாசல். இன்னும் கிண்ணம், நாற்காலி. மூன்று கோடு மேலே எழுந்து நிற்பதைத் தஸ்லிமா முள்கரண்டி என்பாள். இரண்டாவதாக அடிக்கும் ஜனார்தன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர், அவருக்கு அது நாமம். பத்திரிகையில் எழுதியவர்கள் ஐந்து பேர். ஒவ்வொரு இதழிலும் அதே ஐந்து பெயர். பெயரின் முதல் எழுத்தை வைத்துச் சுபஸ்ரீ அவர்களைக் கொக்குக்காரர், வாசல்காரர், கிண்ணக்காரர், நாற்காலிக்காரர், நாமக்காரர் என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். யார் எந்த இதழில் எத்தனை பக்கம் எழுதினார்கள், கவிதையா உரைநடையா, எத்தனை கேள்விக்குறி, எத்தனை இடைக்கோடு என்று பட்டியல் போட்டாள். யாரும் கேட்கவில்லை. கணக்கெடுக்காமல் இருக்க அவளால் முடியாது.

படங்களின் வரிசைப்படி பார்த்தால் பத்திரிகை எட்டுப் பக்கத்தில், தீப்பெட்டிக் காகிதம் போன்ற தாளில் தொடங்கியது. அடுத்து இருபது பக்கம். பிறகு இருபத்திநான்கு, இருபத்தெட்டு, கடைசியில் முப்பத்திரண்டு. தாள் தடித்தது, வெற்றிடங்கள் குறைந்து மறைந்தன. இன்னொன்றும் இருந்தது. எட்டுப் பக்க இதழில் ஐந்து பேருமே ஒரே மாதிரி எழுதினார்கள். நாலு வார்த்தைக்கு ஒரு இடைக்கோடு, பத்தி முடிவில் இரண்டு. போகப் போக அந்தக் கோடுகள் ஒவ்வொருவராக விட்டுப்போயின. முப்பத்திரண்டு பக்க இதழில் கிண்ணக்காரர் ஒருவரிடம் மட்டும்தான் அவை இருந்தன. முதலில் ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள், பிறகு அவரவருக்கு அவரவர் கை வந்திருக்கிறது என்று சுபஸ்ரீ எழுதி வைத்தாள். எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பகல் முழுக்க மெஷினில் குனிந்துவிட்டு, சாயங்காலம் எழுதக் கற்றுக்கொண்டு ஐந்து பேர் முன்னுக்கு வந்த மாதிரி.

வியாழக்கிழமை மதியம் கடைசிப் படத்தைத் திறந்தாள். பக்கத்தைச் சுற்றிக் கொடி அலங்காரம். நடுவில் பத்திரிகையின் பெயர் கொட்டை எழுத்தில். அதன் கீழே ஐந்து பெயரும் வட்டமாக.

"தஸ்லி, இங்க வந்து பாரேன். எவ்ளோ அழகா முடிச்சிருக்காங்க."

தஸ்லிமா நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தாள். சாப்பிட்ட நெய்ச்சோற்று வாசனை கையில் இன்னும் இருந்தது.

"இது கடைசிப் பக்கமா?"

"நூத்திப்பன்னெண்டாவது படம்."

"படத்தைக் கேக்கல. பக்கத்தைக் கேக்கறேன். ஏண்டி, ரம்ஜானுக்கு எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு டம்ளர் கஞ்சி குடிச்சியே, வாப்பா ஓதிக்கிட்டு இருந்தாரே, அந்தக் கிதாபு எந்தப் பக்கம் திறந்துச்சு?"

சுபஸ்ரீ கடைசிப் படத்தைத் திரும்பப் பார்த்தாள்.

"வரி வலப் பக்கத்துலேருந்து வந்தா புத்தகமும் வலப் பக்கத்துலேருந்துதான் வரும். படம் புடிச்சவன் நம்மள மாதிரி இந்தப் பக்கத்துலேருந்து புடிச்சிருக்கான். அவ்ளோதான்."

"நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"எனக்கு ஒவ்வொரு படமா வருது, அடிச்சு அனுப்பறேன். மேல நீ பக்கம்னு என்ன நம்பர் போட்டேன்னு யாரு பாத்தா? மகாராணி போட்டா சரியாத்தான் இருக்கும்னு விட்டேன்."

சுபஸ்ரீ குறிப்புத் தாளின் பதினான்காவது வரியை எடுத்து வாசித்தாள்: 'வலமிருந்து இடமாக.' பிறகு தன் நோட்டை எடுத்து, போட்டிருந்த பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்தாள். முப்பத்திரண்டு பக்கத்தில் ஆரம்பித்து எட்டில் முடிந்திருந்தது. வெற்றிடங்கள் வந்து பெருகின. தாள் மெலிந்தது. அதைவிட, முதலில் ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதினார்கள். கடைசியில் ஐந்து பேருமே கிண்ணக்காரர் மாதிரி எழுதினார்கள்.

அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கோடுகளை எண்ணி ஒரு மனுஷனைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

மேற்பார்வை பார்க்கும் ஸ்டீபன்ராஜ் சார், வரிசைப் பிழையைக் கேட்டுத் திட்டவில்லை. "மாத்திடு" என்று மட்டும் சொன்னார். அவருக்கு வேறு தலைவலி.

"ஏம்மா, ஜனார்தன் சார் கை மாறிடுச்சுன்னு ஆகஸ்ட்ல ஒரு குறிப்பு எழுதினல்ல?"

"சந்தேகம்தான் சார். சார் வரியை விட மாட்டார். இப்ப ஒரே மாதிரி ரெண்டு வரி ஆரம்பிச்சா ஒண்ணு விட்டுப்போகுது."

"ஜூன்ல உடம்பு சரியில்லைன்னு மூணு வாரம் லீவு போட்டாரு. அப்புறம் வீட்லேருந்தே ஒழுங்கா வேலை வந்துது, நானும் கேக்கல. இப்ப அவர் பையன் பெங்களூர்லேருந்து மெயில் போட்டிருக்கான். அப்பா வேலையை விடறாராம், சனிக்கிழமை லேப்டாப்பை ஒப்படைச்சுட்டு அப்பா அம்மா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறானாம். போகட்டும். ஆனா அடுத்த மாசம் ஆடிட். ஒரு லாகின்ல ஒரு ஆள்தான் அடிக்கணும். அவர் பேர்ல வேற யாராவது அடிச்சிருந்தா மொத்தத்தையும் திருப்பி அடிக்கணும். தெரிஞ்சும் சொல்லாதவனுக்கும் வேலை போயிடும். எனக்கும் சேத்துத்தான். நீ நாளைக்குப் புது வரிசையைக் கொண்டுபோய்க் குடுக்கற சாக்குல நேரா பாத்துட்டு வா. பாத்ததை எழுதிக் குடு."

"பாத்ததை அப்படியேவா சார்?"

"பின்ன, கதையா எழுதப் போற?"

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தூறல். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஈரக் குடைகளும் பூக்கூடைகளும் நெருக்கியடித்தன. காவிரி செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. கிழக்கு அடையவளஞ்சான் வீதியில் மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடி வீடு. கதவைத் திறந்தது ஜனார்தனின் மனைவி வைதேஹி. ஐம்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். கூடத்தில் பாதி கட்டிய அட்டைப் பெட்டிகள்.

"ஆபீஸ்லேருந்தா? வாம்மா. இப்படியா நனைஞ்சுண்டு வருவா? துண்டு தரேன், தலையைத் துவட்டிக்கோ. தளிகை ஆயிடுத்து. சாப்பிட்டுண்டே பேசலாம்."

"இல்ல மாமி, நான் டிபன் கொண்டுவந்திருக்கேன்."

"அது ஜில்லுனு கிடக்கும். சாத்தமுது கொதிக்கறது. வா."

போகிற வழியில் உள்ளறையைப் பார்த்தாள் சுபஸ்ரீ. ஜன்னலோரம் மேஜையில் லேப்டாப். அதன் முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் ஜனார்தன் சார், முதுகுக்குத் தலையணை வைத்து. நெற்றியில் மெல்லிய திருமண். வலது கை மடியில் மடித்த துண்டின்மேல் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. இடது கையில் ஒரு மர ஸ்கேல். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு இந்த எழுத்து வடிவங்களைக் கொக்கு, வாசல் என்று பெயர் போட்டுச் சார்ட்டில் வரைந்து அனுப்பியவர். அவள் கும்பிட்டாள். அவர் பார்த்தார். பார்த்தாரா, முகம் இந்தப் பக்கம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சமையலறையில் தட்டைப் போட்டுச் சாதத்தில் ரசத்தை ஊற்றி, வாழைக்காய்ப் பொரியலை ஓரத்தில் வைத்தாள் வைதேஹி. சுபஸ்ரீ ஒரு வாய் எடுத்து வைக்கும் வரை காத்திருந்தாள்.

"நான்தான் அடிக்கறேன். அதைப் பாக்கத்தானே அனுப்பியிருக்கா?"

"ஆமாம் மாமி."

"உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"ஆகஸ்ட்லேருந்து சந்தேகம். வரி விட்டுப்போகும். அப்புறம் தினம் பதினொண்ணே முக்காலுக்கு அடிக்கறது நின்னு, பன்னெண்டேகாலுக்குத் திரும்ப ஆரம்பிக்கும். சார் அப்படி நிறுத்தினதே இல்லை."

"அது அவருக்கு ஊட்டற நேரம்." வைதேஹி அப்பளத்தைத் தணலில் திருப்பினாள். "ஜூன் பதினாலு, வெள்ளிக்கிழமை. ஸ்நானம் பண்ணிட்டு வந்தவர் வேஷ்டி முடிச்சைப் போட முடியாம நின்னார். என்னன்னு கேட்டேன். வாய் வரலை. கையும் பேச்சும் ஒரே நாள்ல போயிடுத்து. மூணு வாரம் ஆஸ்பத்திரி. ஆத்துக்கு வந்த மறுநாள் இடது கையால அந்த லேப்டாப்பைக் காட்டறார். எடுத்து வச்சேன். என் விரலைப் புடிச்சு ஒவ்வொரு எழுத்தா வச்சார். அப்படித்தான் கத்துண்டேன். நான் ஒரு வரி அடிச்சுட்டு நிறுத்துவேன். ஸ்கேலால மேஜையில ஒரு தட்டு தட்டினா சரி. ரெண்டு தட்டினா தப்பு. கண்ணு அவரோடது, விரல் என்னோடது. அதனால பொய்யில்லைன்னு நெனச்சுண்டேன். உங்க ஆபீஸ் பாஷையில அது பொய்யோ என்னவோ."

"அப்ப சார் வேலை செய்யறார் மாமி. அப்புறம் ஏன் விடறீங்க?"

வைதேஹி உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு மாசம் நன்னாத்தான் இருந்தது. இந்தப் புஸ்தகம் வந்ததுலேருந்து என்னமோ ஆயிடுத்து. பக்கத்தைத் திறந்த உடனே ரெண்டு தட்டு. முதல் பக்கத்தை நாலு தடவை அழிச்சு அழிச்சு அடிச்சேன். சரியாத்தான் இருக்கு, எழுத்தெழுத்தா நானே பாத்துட்டேன். மறுபடி ரெண்டு தட்டு. அடுத்த பக்கமும் அப்படியே. பதினோரு நாளா ஒவ்வொரு பக்கத்துக்கும். அப்பறம் வரிக்கு வரி ஒண்ணு தட்டறார்தான். ஆனா தப்பே இல்லாததைத் தப்புங்கறவர் சரிங்கறதை மட்டும் எப்படி நம்பறது? டாக்டர் பேனாவைக் காட்டி இது சீப்பான்னு கேட்டார். இவர் முகத்தைத் திருப்பிண்டுட்டார். புரிஞ்சு தட்டறாரா, பழக்கத்துல தட்டறாரான்னு என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியலை. பிரஹலாத் சொல்றான், அம்மா, அது ஃபேன் சுத்தற மாதிரி, உள்ள ஒண்ணும் இல்லை, வீணா இழுத்துண்டு கிடக்காதே, அங்க பாத்துக்கற இடம் இருக்குன்னு." அப்பளம் கருகிக்கொண்டிருந்தது. "இருபத்தேழு வருஷம் ஆச்சு கல்யாணமாகி. எதிர்ல உக்காந்திருக்கறவர் இருக்காரா இல்லையான்னு தெரியாம தினம் பேசிண்டிருக்கேன்."

சுபஸ்ரீயின் கை தட்டிலேயே நின்றிருந்தது.

"மாமி, அந்த ரெண்டு தட்டு எப்ப வரும்? பக்கத்தை அடிச்ச பிறகா, முன்னாடியா?"

"முன்னாடி. நம்பரை வாசிச்ச உடனே. படம் ஒண்ணு, பக்கம் ஒண்ணும்பேன். டக் டக்."

சுபஸ்ரீ எழுந்து கையைக் கழுவினாள். தண்ணீர் சட்டையில் தெறித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"என்னம்மா, பாதியில எழுந்துட்டே?"

"மாமி, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அறையில் மழை வெளிச்சம். வைதேஹி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுபஸ்ரீ பையிலிருந்து புதிய வரிசைத் தாளை எடுத்தாள்.

"வழக்கம்போல வாசிங்க மாமி. பழைய நம்பரை வாசிங்க."

வைதேஹி சலிப்போடு வாசித்தாள். "படம் ஒண்ணு, பக்கம் ஒண்ணு."

ஸ்கேல் மேஜையில் விழுந்தது. டக். டக்.

"பாத்தியா?"

"இப்ப இதை வாசிங்க."

வைதேஹி புதிய தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். "படம் நூத்திப்பன்னெண்டு, பக்கம் ஒண்ணு."

டக்.

அடுத்த தட்டு வரும் என்று மூன்று பேரும் காத்திருந்த மாதிரி இருந்தது. இரண்டு பேர்தான் காத்திருந்தார்கள். மூன்றாமவர் தட்டி முடித்து ஸ்கேலை மடியில் வைத்துவிட்டார்.

வைதேஹியின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெதுவாகக் கேட்டாள். "படம் ரெண்டு, பக்கம் ரெண்டு?"

ஸ்கேலை எடுத்தார். டக். டக்.

"படம் நூத்திப்பதினொண்ணு, பக்கம் ரெண்டு."

டக்.

"படம் அம்பது, பக்கம்..." அவளுக்குக் கணக்கு வரவில்லை. சுபஸ்ரீயைப் பார்த்தாள்.

"அறுபத்திமூணு மாமி."

"பக்கம் அறுபத்திநாலு" என்றாள் வைதேஹி, வேண்டுமென்றே.

டக். டக். இந்த முறை கொஞ்சம் பலமாக. கூடவே மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார். கணக்குத் தெரியாதவர்களிடம் பல வருஷம் வேலை வாங்கிய மனுஷனின் பெருமூச்சு.

"ஏன்னா" என்றாள் வைதேஹி. "இதைச் சொல்லத்தானா? பதினோரு நாளா இதைச் சொல்லத்தானா தட்டிண்டிருந்தேள்?"

டக்.

"நான் பிரஹலாத்கிட்ட பேசினதெல்லாம் இங்க உக்காந்துதானே பேசினேன். எல்லாம் கேட்டுண்டா இருந்தேள்?"

அவர் தட்டவில்லை. ஸ்கேலை வைத்துவிட்டு, இடது கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அப்படியே குனிந்து அந்தக் கையில் நெற்றியை வைத்தாள். சுபஸ்ரீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே மருந்துக் கடைக்காரர் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தூக்கிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"சார், என்னாலதான்" என்றாள் சுபஸ்ரீ. "பதினாலாவது வரியை நான் சரியாப் படிக்கல. மன்னிச்சிருங்க."

டக். சரி என்கிறாரா, தப்பு உன்னுடையதுதான் என்கிறாரா என்று தெரியவில்லை. வைதேஹி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "ஆமாங்கறார். விட்டுக்குடுக்க மாட்டார். ஆபீஸ்லயும் இப்படித்தானா?"

"இதைவிட மோசம் மாமி."

ஜனார்தன் ஸ்கேலால் லேப்டாப் திரையைத் தொட்டார். வைதேஹி படங்களை ஓட்டினாள். டக் டக், டக் டக் என்று மறுத்துக்கொண்டே வந்தவர், முதல் படம் வந்ததும் ஒரு தட்டுத் தட்டினார். பழைய வரிசையில் முதல் படம். பத்திரிகையின் கடைசி இதழில் கடைசிப் பக்கம். எட்டுப் பக்கத்துக்கும் உள்ளடக்கம் அதில்தான் இருந்தது. ஐந்து பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக.

அவர் ஸ்கேலின் முனையால் ஒவ்வொரு பெயராகத் தொட்டார்.

"கொக்கு" என்றாள் வைதேஹி. "வாசல். கிண்ணம். நாற்காலி. நாமம்."

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். இடது கையின் ஐந்து விரலையும் விரித்துச் சுபஸ்ரீயிடம் காட்டினார். பிறகு ஒவ்வொன்றாக மடக்கி, ஆள்காட்டி விரலை மட்டும் நிறுத்தினார்.

சுபஸ்ரீ பையிலிருந்து நோட்டை எடுத்துப் பட்டியல் இருந்த பக்கத்தை அவர்முன் விரித்தாள். விரலால் இடைக்கோட்டுக் கணக்கைக் காட்டினாள். முதல் இதழில் ஒருவர். இரண்டாவதில் இரண்டு பேர். மூன்றாவதில் மூன்று. நாலாவதில் நாலு. கடைசியில் ஐந்து.

"கடைசி இதழை முழுக்கக் கிண்ணக்காரர் ஒருத்தரேதான் எழுதியிருக்கார். இல்லையா சார்? மத்தவங்க பேர்லயும் அவரே."

டக்.

"நான் தப்பா எண்ணிட்டேனோன்னு நெனச்சேன்."

டக். டக்.

"மத்த நாலு பேரும் என்ன ஆனா?" என்றாள் வைதேஹி. யாருக்கும் தெரியாது. சிறைக்குப் போனார்களோ, கப்பலேறினார்களோ, காய்ச்சலில் போனார்களோ. அந்த மொழி தெரிந்தவர்களுக்கு உள்ளே படித்தால் தெரியலாம். இவர்களுக்குத் தெரிந்தது வெளிக்கோடு மட்டும்தான். ஓர் ஊரில் ஐந்து பேர் பத்திரிகை ஆரம்பித்தார்கள். மாதத்துக்கு ஒருவராகக் குறைந்தார்கள். மிஞ்சியவர் தையல்காரரோ ரொட்டிக்காரரோ, வேலை முடிந்து வந்து, கிடைத்த மட்டமான தாளில், தன் பெயரில் ஒன்றும், இல்லாமல் போன நாலு பேர் பெயரில் நாலுமாக எழுதினார். கவிதை எழுதியவர் பெயரில் கவிதை, கட்டுரை எழுதியவர் பெயரில் கட்டுரை. ஆள் இல்லாவிட்டாலும் இடம் இருக்கட்டும் என்று. கையை மட்டும் அவரால் மறைக்க முடியவில்லை. நூறு வருஷம் கழித்து, ஒரு வார்த்தையும் தெரியாத மூன்று பேர், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உட்கார்ந்து அந்தக் கையைக் கண்டுகொண்டார்கள்.

வைதேஹி திரையில் அந்த ஐந்து பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பிரஹலாத் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னான்.

"இருக்கட்டும்டா. நான் ஒரு நம்பர் சொல்றேன், சும்மா கேட்டுண்டிரு. படம் ஒண்ணு, பக்கம் ஒண்ணு."

டக். டக்.

"அம்மா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

"படம் நூத்திப்பன்னெண்டு, பக்கம் ஒண்ணு."

டக்.

"என்னம்மா இது?"

"புஸ்தகம் தலைகீழா இருந்ததுடா. ஊருக்கெல்லாம் தெரியலை. உங்கப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தது." அவள் மூச்சு வாங்கினாள். "நாளைக்கு நீ வா. ஆனா அந்தக் கட்டற டேப்பைக் கொண்டுவராதே. அப்பாகிட்ட வேலையை விடறேளான்னு நீயே நேர்ல கேளு."

ஜனார்தன் போனைப் பார்த்து இரண்டு தட்டுத் தட்டினார்.

சுபஸ்ரீ புறப்பட்டபோது வைதேஹி வாசல் வரை வந்தாள். "என்ன எழுதிக் குடுக்கப் போறே?"

"பாத்ததை மாமி."

"பாத்தது என்ன?"

சுபஸ்ரீ யோசித்தாள். தெரிந்தும் சொல்லாதவர்களுக்கு வேலை போகும் என்று ஸ்டீபன்ராஜ் சார் சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னால் இவர்களுக்குப் போகலாம்.

"அடிக்கறது நீங்க, பாக்கறது சார்னு எழுதுவேன். நூத்திப்பன்னெண்டு பக்கத்துலயும் வரிசை தப்புன்னு முதல்ல கண்டுபிடிச்ச ஆளு அவர்தான்னும் எழுதுவேன். ஒரு லாகின்ல ரெண்டு பேர் போடலாமான்னு கேப்பேன். என்ன சொல்வாங்கன்னு தெரியாது."

வைதேஹி தலையாட்டினாள். "மறைக்காதே. அவருக்கும் பிடிக்காது." பிறகு ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். "அப்பளம். கருகாதது."

ஆபீசுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும் பஸ் பாலத்தில் ஏறியபோது மழை விட்டிருந்தது. தண்ணீர் பாலத்தின் தூண்களில் மோதிச் சுழித்துக்கொண்டு போனது. சுபஸ்ரீ நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

2024 அக்டோபர் 18, வெள்ளி.

செய்தது: ஸ்ரீரங்கம் போய் வந்தேன். புதிய வரிசையை ஜனார்தன் சாரிடம் காட்டினேன். சரி என்றார். கடைசி இதழில் எழுதியவர் பெயர் என்ற கட்டத்தில் ஐந்து பெயரையும் அச்சில் உள்ளபடியே விட்டுவிட்டேன். நூலகத்துக்கு அனுப்பும் குறிப்பில் மட்டும் இடைக்கோடுகளின் கணக்கைத் தனியாக இணைத்தேன்.

பிழை: நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். அது சின்னப் பிழை இல்லை.

நாளை: காலை ஒன்பதரைக்கு, வைதேஹி, ஜனார்தன் என்று இரண்டு பெயரும் எழுதிய தாளை ஸ்டீபன்ராஜ் சாரிடம் கொடுக்க வேண்டும். பிறகு படம் 112-இல் ஆரம்பித்துப் பக்க எண் போட வேண்டும்.